திண்டிவனம் கம்ப்யூட்டர் பூட்டிக்கொள்ளவில்லை

பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் கம்ப்யூட்டர் தானாகப் பூட்டிக்கொள்ளும். விழுப்புரத்தில் ஒரு விதைக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து எல்லாக் கிளைகளுக்கும் அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான். எங்கே எது பூட்டிக் கிடக்கிறது என்பது என் திரையில் தெரியும். சின்ன வயசு, அந்த அதிகாரம் தலைக்கு ஏறிவிட்டது.

திண்டிவனம் கிளையில் ஒரே ஒரு கிளார்க். கூட்டேரிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவார், ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி. அவருடையது பூட்டிக்கொண்டால் உடனே போன் போடுவேன்.

"என்னாண்ணே, தூங்கிட்டீங்களா?"

"மல்லாட்டை தின்னுக்கினு இருந்தேம்பா. அதுக்கும் உன்னைக் கேக்கணுமா? ஒரே பேஜாரா போச்சு உன்னோட."

பிறகு ஒரு வாரம் அது பூட்டவே இல்லை. கேட்டேன். காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்சிங் மெஷினைத் தூக்கி கீபோர்டில் ஒரு பட்டன் மேல் வைத்துவிட்டாராம். யாரோ தட்டிக்கொண்டே இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும்.

"இனிமே நீ போன் பண்ற வேலையே இல்ல தம்பி," என்று சிரித்தார்.

நான் மேலதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை. வானூர்ப் பக்கம் போயிருந்த அந்தக் கிளையின் விற்பனைக்காரர் மாலை ஐந்து மணிக்குத் திரும்பியபோது, கிளார்க் தன் நாற்காலிக்குக் கீழே கிடந்தார். உயிர் இல்லை. மதியமே மயங்கி விழுந்திருப்பார், உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். அந்த மதியம் முழுக்க என் திரையில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார்.

மறுநாள் மாதா கோயில் கல்லறையில் மண் போட்டுவிட்டு ஆபீசுக்குத் திரும்பினேன். திரையில் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கிருந்தே அதை அணைத்திருக்கலாம். கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். பஞ்சிங் மெஷினை எடுத்து மேஜை ஓரம் வைத்தேன். அவர் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்தேன். பத்தாவது நிமிடம் திரை மாறி, அவர் பெயரைக் காட்டிப் பூட்டிக்கொண்டது.

அவ்வளவு நேரம்தான். புதன்கிழமையும் எனக்கு அதற்குள் தெரிந்திருக்கும். கிண்டல் பண்ணத்தான் போன் போட்டிருப்பேன். அவர் எடுக்காமல் போனால், பக்கத்து உரக்கடைக்காரரைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.