பெட்டிக்குக் கழிவு இல்லை

வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் பெட்டியை நிறுத்துப் பார்த்து, "கூடிட்டு, எடுங்க" என்று சொல்வதுதான் என் தொழில். ஆகவே கல்முனையில் என்னைக் கண்டு சந்தோசப்படுகிற ஆட்கள் குறைவு.

நீங்களும் இந்தக் கஷ்டத்தைப் பட்டவர்கள்தான் என்று எனக்குத் தெரியும். கட்டுநாயக்க எயார்போர்ட்டில் நட்டநடு வழியில் பெட்டியைத் திறந்து போட்டு, உங்கள் உள்ளுடுப்பை ஊரே பார்க்க, எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல் குந்தியிருந்திருப்பீர்கள். பின்னால் வரிசை நிற்கும். முன்னால் இருக்கிற பிள்ளை உங்கள் முகத்தையே பார்க்காமல், கூடின கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு விலை சொல்லும். அந்த ஒரு கிலோ விலைக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கலாம். அந்த வெட்கக்கேடு உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் நான் இங்கேயே மூஞ்சியைக் காட்டுகிறேன். ஒருத்தரும் நம்புவதில்லை.

கணக்கில் டபிள்யூ

என் பெயர் ஸப்னா. பதினெட்டு வயது. சாதாரண தரச் சோதினையில் எல்லாம் பாஸ், கணக்கு மட்டும் டபிள்யூ, அதாவது பெயில். அதோடு படிப்பை விட்டேன். ஊர் சம்மாந்துறை. வாப்பா அங்கே ஒரு மில்லில் நெல் நிறுக்கிறவர். அவருக்குத் தெரிந்த ஜவ்பர் காக்கா கல்முனையில் கடை வைத்திருக்கிறார். டிக்கட் போட்டுக் கொடுப்பார், எயார்போர்ட்டுக்கு வேன் பிடித்துக் கொடுப்பார், பெட்டியை நிறுத்து டேப் சுற்றிக் கயிறும் கட்டிக் கொடுப்பார். அவருடைய தராசு கூட மில்லில் பாவித்த பழைய தராசுதான். 'இங்க சரியென்டா அங்கயும் சரி' என்ற ஒரு பேச்சில்தான் அந்தக் கடை ஓடுகிறது.

ஒரு மாதம் பார்ப்பேன் என்று சொல்லித்தான் என்னை எடுத்தார். வேலை போனால் நான் திரும்பவும் கணக்கு டியூசனுக்குப் போக வேண்டும், அதுவும் இந்த வருசம் சோதினை எடுக்கிற என் தம்பியின் வகுப்பில், அவனுக்குப் பக்கத்து வாங்கில். அவன் இப்பவே எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிச் சிரிக்கிறான். முதல் நாள் காக்கா சொன்னது இவ்வளவுதான்: "ஒரே ஒரு பெட்டி அங்க போய்க் கூடினாலும், மறுகா நீ இஞ்ச வரத் தேவல்ல. இப்ப அந்தக் கத்தரிக்கோல எடு."

கருவாடும் காற்சட்டையும்

சாய்ந்தமருதில் இருந்து ஒரு உம்மா மகனோடு வந்தார். மகன் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்புகிறார், முப்பது வயதிருக்கும், மீசையெல்லாம் இருக்கிறது, ஆனால் உம்மாவுக்குப் பின்னால்தான் நிற்கிறார். பெட்டி முப்பத்திநாலு. டிக்கட்டில் முப்பது. "நாலு கிலோ எடுங்க" என்றேன். உம்மா பெட்டியைத் திறந்தார். சப்பாத்து வெளியே வந்தது. காற்சட்டை இரண்டு வந்தது. குளிருக்குப் போடுகிற சட்டை வந்தது. மகன் தன் உடுப்பு ஒவ்வொன்றாய் மேசையில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கருவாட்டுப் பார்சலும் மாசித் தூளும் தொதலும் இருந்த இடத்திலேயே இருந்தன.

எனக்குப் பொறுக்கவில்லை. "அங்க இவர் என்னத்தப் போட்டுட்டு வேலைக்குப் போற, கருவாட்டயா?" என்று கேட்டேன். காக்கா என்னை முறைத்தார். உம்மா கோபிக்கவே இல்லை. ஒரு சின்னப் பார்சலை உருவி என் கையில் வைத்து, "இத நீ வெச்சுக்க. உடுப்பு அங்கயும் விக்கிறான் மகள், நம்மட கடல்ட கருவாட்ட எந்தச் சீமையில விக்கிறான்?" என்றார்.

நாலு சாரன்

மருதமுனையில் இருந்து ஒருவர் வந்தார். பெயர் ஹனீபா. அவருடைய பெட்டி நிறையக் கைத்தறிச் சாரன், கட்டாரில் இருக்கிற ஊர்ப் பொடியன்மாருக்கு. முப்பத்தொன்று காட்டியது. அப்போதெல்லாம் எடையை எழுதுவது காக்கா. வாசிப்பதும் வாய் காட்டுவதும் நான். "ஒரு கிலோதானே புள்ள, உடு" என்றார். விட முடியாது என்றேன். "அங்க என்ட மச்சான் ஒராள் வேல செய்யிறான்" என்றார். அப்படியென்றால் அந்த மச்சானையே நிறுக்கச் சொல்லுங்கள் என்றேன்.

மனிசனுக்கு ரோசம் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து பத்துச் சாரனை உருவினார். ஆறைத் தோள்பையில் திணித்தார். மிச்சம் நாலையும், நான் பார்க்கப் பார்க்க, காற்சட்டைக்கு மேலாலேயே ஒன்றன் மேல் ஒன்றாக உடுத்தார். பெட்டி இருபத்தெட்டுக்கு இறங்கிவிட்டது. ஒரு கிலோ மட்டும் எடுத்தால் போதும் என்று சொன்னேன், கேட்கவில்லை. வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "என்னத்துக்குச் சிரிக்கிற? சாரன் உடுக்கிறதுக்குத்தானே நெய்யிற?"

கழிவு

அன்று பின்னேரம் ஊரில் ஒருவர் இறந்து, காக்கா அந்த மையித்து வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. "இண்டைக்கு நீயே எழுது" என்று பேனையைத் தந்துவிட்டுப் போனார். முதல் தடவையாக எழுதப் போகிறேன். வந்தவர் நாவிதன்வெளியில் இருந்து யோகன் அண்ணன். வயல் செய்கிறவர், வெள்ளாமை முடிந்த கையோடு கட்டாருக்கு வேலைக்குப் போகிறார். அவருடைய அண்ணன் முறையான ஒருவரின் அறையில் எட்டுப் பேர் இருக்கிறார்களாம். போகிற முதல் வெள்ளிக்கிழமை தன் வயல் அரிசியில் சோறாக்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

தராசு முப்பத்திரண்டு காட்டியது. நான் முப்பது என்று எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதினேன். எங்கள் பக்கம் நெல் விற்றவர்களுக்குத் தெரியும், மில்லில் மூட்டையை நிறுத்தால் சாக்குக்கென்று இரண்டு கிலோ வெட்டித்தான் எழுதுவார்கள். அதற்குப் பெயர் கழிவு. நான் நடக்கப் பழகின நாளில் இருந்து வாப்பா வெட்டுவதைப் பார்க்கிறேன். பெட்டியும் ஒரு சாக்குத்தானே, இரண்டு கிலோ கழிவு. வாசிக்கிற மட்டும் இது என் தலைக்குள் வரவில்லை, பேனை கைக்கு வந்ததும்தான் வந்தது. யோகன் அண்ணனும் நெல்லுக்காரர், அவருக்கும் இதில் ஒரு பிழையும் தெரியவில்லை. டேப் சுற்றி முடிய, பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு காலமும் மில்காரன் என்ர நெல்லிலதான் வெட்டினான். எனக்கு லாபமா ஒரு கழிவு வந்தது இண்டைக்குத்தான், தங்கச்சி."

எட்டேகால் மணி போன்

அடுத்த நாள் காலை எட்டேகாலுக்குக் கடைப் போன் அடித்தது. காக்கா இன்னும் வரவில்லை. யோகன் அண்ணன்தான், எயார்போர்ட்டில் இருந்து. "தங்கச்சி, இவங்கட தராசு முப்பத்திரண்டு காட்டுது. பெட்டியோட சேத்துத்தானாம். கழிவு எண்டு சொன்னன், அந்தப் பிள்ளை என்னைப் பைத்தியக்காரன் மாதிரிப் பாக்குது." எனக்கு அப்போதுதான் விளங்கியது. "பிழை என்டதான் அண்ணன், நான்தான் பிழையா எழுதினன்" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் கையில் இருந்தது அங்கே போய் இறங்கி ஒரு கிழமை சாப்பிடுவதற்கான காசு. அதைக் கட்டினால் பட்டினி. கட்டாவிட்டால் இரண்டு கிலோ அரிசியைக் குப்பை வாளியில் போட வேண்டும். "வெட்டி, அடிச்சு, நானே குத்தின அரிசி தங்கச்சி, எப்பிடிப் போடுற?" என்று கேட்டார்.

போனுக்குள் வேறு ஒரு குரல் கேட்டது. நாலு சாரன் ஹனீபா. இரண்டு பேரையும் காக்கா ஒரே வேனில்தான் ஏற்றி விட்டிருந்தார், இரவு முழுக்கக் கதைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வரிசையிலும் அடுத்தடுத்து. ஹனீபாவின் பெட்டி இருபத்தெட்டு. அதாவது இரண்டு கிலோவுக்கு இடம் இருக்கிறது, சரியாக இரண்டு. பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. அரிசிப் பை சரசரத்தது. யோகன் அண்ணன் நன்றி சொன்னார். ஹனீபா அவரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "எனக்கென்ன நன்றி? அந்த வாய்க்காரப் புள்ள ஒரு கிலோ உட்டிருந்தா நானும் இப்ப இதில குந்தித்தான் இருப்பன்."

வெள்ளிக்கிழமைச் சோறு

மறைத்திருக்கலாம். இரண்டு பேரும் ஏறிப் போய்விட்டார்கள், காக்காவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நான் ஒரு பிழையை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இருக்கிற சாதி இல்லை, சாப்பாடு இறங்காது. காக்கா வந்து கதிரையில் இருக்க முன்னமே சொல்லிவிட்டேன். அவர் பேனையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, இது மில் இல்லை, உனக்கு இது சரிவராது, மாதம் முடிய நின்றுகொள் என்றார். நியாயம்தான். மாதம் முடிய இன்னும் நாலு நாள். வீட்டுக்குப் போய்த் தம்பியிடம் கணக்குப் புத்தகத்தைக் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. பின்னேரம் காக்காவின் போனுக்கு ஒரு படமும் குரல் பதிவும் வந்தன. படத்தில் ஒரு சின்ன அறை, நிலத்தில் பேப்பர் விரித்து, நடுவில் ஒரு பெரிய சட்டி சிவப்பரிசிச் சோறு. படம் பிடித்தவர் போக, சுற்றியிருந்த ஒன்பது பேரில் முக்கால்வாசிப் பேர் ஹனீபாவின் புதுச் சாரன். அரிசியைக் கொடுக்கப் போன ஹனீபாவையும் பிடித்து இருத்தியிருக்கிறார்கள். வேலை தேடிப் போன இடத்தில் முதல் கிழமையே சொன்ன சொல்லைக் காப்பாற்றின மனிசனின் முகம் எப்படி இருக்கும் என்று யோகன் அண்ணனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். காக்கா குரல் பதிவைப் போட்டார். ஒரு தரம் கேட்டார். திரும்பவும் போட்டார். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, ஒரு அட்டையில் 'பெட்டியும் சேர்த்து' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தராசுக்கு மேலே ஒட்டச் சொல்லி என் கையில் தந்தார். என்னைப் போகச் சொன்ன கதையை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. யோகன் அண்ணன் அந்தப் பதிவில் சொன்னது இதுதான்: "காக்கா, அந்தத் தங்கச்சிய ஏசிப்போடாதீங்க. சோறு நல்லாக் கிடக்கு. ஆனா இந்தச் சாரன்காரர் மூண்டாந் தரமும் போட்டுத் தின்னுறார், இவருக்கு ஒரு கழிவு வெட்டச் சொல்லுங்க."

வாப்பா இன்னும் மில்லில் சாக்குக்கு இரண்டு கிலோ வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார், நான் பெட்டியோடு சேர்த்துத்தான் நிறுக்கிறேன், இரண்டுக்கும் நடுவில் என் வேலையைக் காப்பாற்றித் தந்தது ரோசத்தில் ஒரு மனிசன் உடுத்த நாலு சாரன், அல்ஹம்துலில்லாஹ்.