செவலைக்கு இடம் பார்த்த வேலந்தாவளம் பயணம்

கோவாவில் போக்கர் ஆடுவதுதான் ஒன்பது வருடமாக என் பிழைப்பு. யாராவது கேட்டால் "தம்பி கணக்கு வேலை பாக்கறான்" என்று அக்கா சமாளித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் போன மாதம் தானே கூப்பிட்டாள். மச்சானுக்கு முட்டி ஆபரேஷன். செவலைப் பசுவை இனி ஒற்றையாளாகப் பார்க்க முடியாது, விற்க வேண்டும். "கறிக்கு மட்டும் போயிரக் கூடாது சாமி. பொய் சொல்றவனக் கண்டா உனக்குத் தெரியுமல்ல? வந்து பாரு."

உக்கடத்தில் காலை 5.40 பேருந்து, டிக்கெட் 28 ரூபாய். 6.45க்கு வேலந்தாவளம் மாட்டுச் சந்தை. அக்கா மூன்று கிலோமீட்டர் மாட்டை நடத்தியே வந்திருந்தாள். டீ 12 ரூபாய். அதில் பத்து ரூபாய்க்குச் சர்க்கரைதான்.

முதலில் வந்தவர் வெள்ளைச் சட்டை, தேன் ஒழுகும் பேச்சு. "பால் மாடுதானுங்க தேடறேன், ஊட்ல கொழந்தைக இருக்குதுங்க." அக்கா அந்தப் பேச்சில் பாதி விழுந்துவிட்டாள். சீட்டு மேசையில் நான் முகத்தைப் பார்ப்பதில்லை. முகம் பொய்க்குப் பழகிவிடும், கை பழகாது. வாய் பாலைப் பேச, அவர் கை செவலையின் தொடைச் சதையை அமுக்கிக்கொண்டே இருந்தது. மடிப்பக்கமே போகவில்லை.

அடுத்தவர் சிடுமூஞ்சி. முன்னவரைவிட மூவாயிரம் குறைத்துக் கேட்டார். குனிந்து மடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, எந்தப் பக்கம் ஒக்காந்து கறப்பீங்க?" என்றார்.

"எடப்பக்கம்."

"எனக்கு வலப்பக்கந்தான் பழக்கம். பரவால்லீங்க, நான் மாத்திக்கறேன்."

அக்கா என்னைத் தனியே இழுத்தாள். "நிச்சயமாத் தெரியுமா?"

"இல்லக்கா. என் தொழில்ல நிச்சயம்னு ஒண்ணு கெடையாது. ஆனா இவருக்கே குடுத்துரலாம்."

எவ்வளவோ பெரிய தொகையை வைத்துவிட்டுச் சாவகாசமாகக் கொட்டாவி விட்டவன் நான். அன்று அவர் கையையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். அக்கா அவருக்கே கொடுத்தாள்.

போகிறவர்களுக்கு: சந்தைக்கு எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பத்துக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். விலை பேசுகிறவர்களைப் படம் பிடிக்காதீர்கள், முறைப்பார்கள்.

மறுநாள் ஸ்கூட்டரில் பதினொரு கிலோமீட்டர், சொல்லாமல் கொள்ளாமல் மாட்டை வாங்கியவர் தோப்புக்குப் போனோம். செவலை தொழுவத்தில் சோளத்தட்டு மென்றுகொண்டிருந்தது. அவர் மனைவி அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். தன்னைக் கண்டால் கத்தும் என்று அக்கா தென்னை மரத்துக்குப் பின்னால் நின்றே பார்த்தாள். அழுதாள். நானும்தான்.

திரும்பும்போது பின்சீட்டிலிருந்து கேட்டாள். "நீ ஆடற எடத்துல நேரத்துக்குச் சோறு போடறாங்களா சாமி?"

என் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி.