அண்ணன் ரத்தம், அவர் பேர்

என் அண்ணனுக்குக் கடப்பாரை என்று பட்டப்பெயர். தெருவே காய்ச்சலில் சுருண்டு கிடந்த வருஷம்கூட, ஒரு தும்மல் போடாமல் தண்ணீர் கேன் சுமந்து மாடி மாடியாக ஏறியவன். அந்த உடம்பை நாங்கள்தான் தின்று தீர்த்தோம். வேறு யார்மேலும் பழி போட எனக்கு வாய் வரவில்லை.

என் வீட்டுக்காரருக்குச் செருப்புக் கம்பெனியில் பசை ஒட்டுகிற வேலை. காற்று பட்டால் பசை காய்ந்துவிடும் என்று அங்கே ஜன்னலைத் திறக்கவே மாட்டார்கள். அந்த வாடை எலும்புக்குள் போய், வெள்ளை அணுக்கள் உண்டாகிற இடத்தையே கெடுக்குமாம். கிருமியோடு சண்டை போடுவது அந்த அணுக்கள்தான். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. அணு குறைந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நல்ல நியாயம்! ஜன்னலைத் திறக்க மாட்டார்கள், ஆளை மாற்றுவார்கள்.

பரிசோதனைக் கூடத்தில் பேர் எழுதிய சீட்டை நீட்டினால் போதும், முகத்தைப் பார்ப்பதில்லை. பசைப் பிரிவில் பாதிப் பேர் தம்பியையோ மைத்துனனையோ அனுப்பிவிடுவார்கள். இவருக்கு எண்ணிக்கை இறங்கியபோது அண்ணனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்பினான்.

"எங்கிட்ட சும்மாதானே ஓடிட்டிருக்கு மாப்பிள்ளை, எடுத்துக்கட்டும்."

இரண்டு தடவை ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவது தடவை, வெள்ளை அணு இருக்க வேண்டியதைப்போல் ஐந்து மடங்கு. கம்பெனி டாக்டர் இவரைக் கூப்பிட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். "மெஷின் தப்பா காட்டியிருக்கும் சார், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று இவர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

வீட்டில் ஒரே கும்மாளம். "மச்சான், உங்க உடம்புல ஒரு பட்டாளமே இருக்கு!"

அண்ணன் மீசையை முறுக்கினான். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். குறைந்தால் ஆபத்து என்று பத்து வருஷம் பயந்து பழகிய வீடு. கூடினாலும் பயப்பட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, பாவிகளுக்கு.

எட்டு மாதம் கழித்து அண்ணனுக்குப் பல் தேய்த்தால் ரத்தம். கேன் பட்ட தோளெல்லாம் நீலம். காய்ச்சல் விடவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

"வெள்ளை அணு ஏராளமா இருக்கும்மா. ஆனா எல்லாம் முத்தாதது. கிருமி வந்தா சண்டை போடத் தெரியாது, நல்ல அணுவுக்கும் எடம் விடாது" என்றார் டாக்டர். பிறகு அண்ணனிடம் திரும்பினார். "எப்ப ஆரம்பிச்சதுன்னு எனக்குத் தெரியணும். முன்னாடி எப்பவாவது ரத்தம் டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?"

"இல்ல சார்."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"பொய் டாக்டர்! எட்டு மாசம் முன்னாடியே அண்ணன் ரத்தம் குடுத்திருக்கு. இவரு பேர்ல."

அண்ணன் என் கையை நெரித்தான். சொன்னது சொன்னதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து பழைய அறிக்கையைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள், கம்பெனிக்கு விஷயம் தெரிந்தது. இவருக்கும், இதேபோல் ஆள் மாற்றி அனுப்பிய இன்னும் ஆறு பேருக்கும் வேலை போயிற்று.

"மாப்பிள்ளை சோத்துல மண்ணப் போட்டுட்டியேடி" என்றான் அண்ணன். அதற்குப் பிறகு நாற்பது நாள் உயிரோடு இருந்தான். நான் உள்ளே போனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். தண்ணீர்கூட இவர் கையால்தான் குடித்தான். நான் வராந்தாவில் நின்றேன்.