கோகிலவாணி வீட்டுக்கு வராத காற்று

தாராவிச் சந்தில் இருந்தவரை கோகிலவாணிக்குக் காற்றுக் கவலையே இல்லை. காற்று வராவிட்டாலும் அக்கம்பக்கத்து வம்பு ஜிலுஜிலுவென்று வீசும். சந்துவீட்டுக்குப் பதிலாகப் புது பில்டிங்கில் ஏழாம் மாடி கிடைத்ததும், ஸ்கூல் பை தைக்கிற மெஷினை ராஜாத்தி மாதிரி ஜன்னலோரம் உட்காரவைத்தாள். மேற்கு ஜன்னல். மத்தியானம் வருகிற வெயில், சாப்பிட்டும் எழுந்து போகாத விருந்தாளி மாதிரி ராத்திரியும் வீட்டுக்குள்ளேயே கிடந்தது.

மகள் கீதாவுக்குத் தலைப்பிரசவம். டோம்பிவிலிச் சம்பந்தியம்மா வந்து பார்த்துவிட்டு, "இது வீடா, பேக்கரியா? பிள்ளை பன்னு மாதிரி வெந்துரும். சூடு குறைஞ்சாதான் கீதாவை அனுப்புவேன்" என்று போய்விட்டாள். முதல் பிள்ளை தாய்வீட்டில் பிறக்காவிட்டால் கோகிலவாணி எந்த முகத்தோடு நடமாடுவாள்?

புருஷன் தவறியபின் அவளுக்கு எல்லாமே அண்ணன் பேச்சிராஜாதான். அதே மாடி, முனை வீடு; பில்டிங் செகரட்டரி வேறு. "மேற்கு பார்த்த வீடு, உன் தலையெழுத்துட்டி. கூலர் வாங்கிப் போடு" என்றான். போட்டாள். சுவரெல்லாம் வேர்த்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் புது வீடுகளின் சூட்டை அளக்க ஃபர்ஸானா வந்தாள், கட்டடப் படிப்புப் படிக்கிற பொண்ணு. சுவரில் தெர்மாமீட்டர் மாட்டினாள்.

"வீட்டுக்குக் காய்ச்சலா?"

"ஆமாக்கா, ராத்திரியும் இறங்காத காய்ச்சல். உள்ள திரை போட்டு என்ன செய்ய? வெயில்தான் கண்ணாடி தாண்டி வந்துருச்சே. வெளிய மறைங்க."

கோகிலவாணி பைத்துணியிலேயே ஒரு மறைப்புத் தைத்து வெளியே கட்டினாள். பகல் சூடு கொஞ்சம் அடங்கியது. ராத்திரிக்கு ஜன்னலையும் வாசலையும் திறந்தால் போதும், வராந்தா முனையில் காற்றுக்கென்றே ஓட்டைச் சுவர் பிளானில் இருக்கிறது என்றாள் ஃபர்ஸானா.

திறந்தார்கள். காற்று வருகிறதா என்று பார்க்க ஏற்றிய ஊதுபத்தியின் புகை ஆடாமல் அசையாமல் நேரே மேலே போனது. பத்தியோடு இருவரும் முனைவரை நடந்தார்கள். ஓட்டைச் சுவரைக் காணோம். வழவழவென்று பெயிண்ட் அடித்த சுவர். ஃபர்ஸானா தட்டினாள். டொக்கு டொக்கென்றது. பிளைவுட்!

"யாருலே அது?" பிளைவுட்டுக்குப் பின்னாலிருந்து அண்ணன் குரல்.

செகரட்டரிக்குத்தான் முதல் சாவி. மற்றவர்கள் குடிவருமுன்னே முனையை அடைத்து, தன் வீட்டோடு ஒரு ரூம் சேர்த்துவிட்டான். கதவைத் திறந்து காட்டவும் செய்தான். உள்ளே புதுக்கட்டில். ஓட்டைச் சுவர் வழியே வந்த காற்றில் காலண்டர் படபடத்தது.

"பையனுக்குக் கல்யாணம் வருதுல்லா வாணி…"

"கூலர் வாங்கச் சொன்னியே அண்ணே. அன்னைக்கும் இந்த ரூம் இருந்துச்சா?"

"வெளியாள் முன்னால கத்தாத. மனு எழுதிக் குடு, கமிட்டில வைப்போம்."

"என் மவளுக்கு நீதான தாய்மாமன்?"

பேச்சிராஜா கட்டில் விரிப்பைச் சரிசெய்தான்.

கமிட்டி கூடி முடிவெடுப்பதற்குள் பிள்ளை பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிடும். கோகிலவாணி டோம்பிவிலிக்கு போன் போட்டாள்.

"கீதாவை அங்கேயே வச்சுக்கிடுங்க. இங்க சூடு குறையல."

"உங்க அண்ணன் செகரட்டரியாச்சே? அவர்கிட்டச் சொல்லப்படாதா?"



"அவரும் பாவம், அலையாத அலைச்சல் அலைஞ்சு பாத்துட்டாரு" என்றாள் கோகிலவாணி.