மோர் குடித்தபின் பொத்தை யாருடையது?

போன வியாழக்கிழமை ஒரு கிளர்ச்சிக்குப் போய்வந்தேன். ஜெயித்தோமா, தோற்றோமா? இதை எழுதும்வரை விளங்கவில்லை. மலையாள ராஜ்யமா தமிழ் ராஜ்யமா, எதில் சேரப்போகிறோம் என்பதே தீராத ஊர்க்காரனுக்கு இது ஒரு பெரிய குழப்பமா என்பீர்கள். பெரியதுதான்!

எங்கள் வயல்வெளி முடிகிற இடத்தில் ஒரு பொத்தை உண்டு — மலையாக மனம் வராமல் பாதியில் உட்கார்ந்துவிட்ட பாறைக்குன்று. ஏறி நின்றால் சுசீந்திரம் கோபுரம், கதிர் பிடித்த கும்பப்பூ நெல், அதற்கப்பால் கடல் என்று நம்பும்படியாக ஒரு நீலம்... நான் அங்கே சும்மா போகிறவன். தங்கம்மை அப்படியல்ல. பொத்தைக்குப் பின்னால் புல் அறுத்து, ஒற்றைப் பசுவைக் காப்பாற்றி, பால் ஊற்றிப் பிழைக்கிறவள்.

ஊரே பாட்டா என்று கூப்பிடும் மேலவீட்டுக்காரர் அடிவாரத்தில் கொல்லாமரம், அதாவது முந்திரி, நட்டார். சுற்றிலும் முள்வேலி, வாசலுக்கு ஒரு மூங்கில் படல். கன்றுக்கு வேலி நியாயம்தானே? ஆனால் பொத்தைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையும் வேலிக்குள் போய்விட்டது. குளத்தைச் சுற்றிப் போனால் புல்லோடு திரும்ப உச்சிப்பொழுது சாய்ந்துவிடும்.

"பசுவ வித்திரலாம்னு நெனைக்கேன், அண்ணாச்சி" என்றாள் தங்கம்மை, யார் வீட்டுப் பசுவையோ சொல்வதுபோல.

தையல்கடைத் தாணு விடவில்லை. "ஊரு மொத்தமும் சேந்து நடந்தா வேலி என்னவே செய்யும்?"

நடந்தோம். நாலு நாலு பேராக என்பது தாணுவின் திட்டம். வரப்பில் அது நடக்குமா? இறங்கினால் நெல் மிதிபடும். ஒருவர் பின் ஒருவராகத்தான் போனோம். முன்னால் "பொத்தை யாருக்கு?" என்று கேட்டால், "ஊருக்கு!" என்ற பதில் வால்பக்கத்திலிருந்து அடுத்த வரப்பில்தான் வந்து சேர்ந்தது.

போய்ச் சேர்ந்தால்... படல் திறந்து கிடக்கிறது! ஓலைப்பந்தல். பெரிய பானையில் இஞ்சி தட்டிப் போட்ட மோர். அகப்பையும் கையுமாகப் பாட்டாவே நிற்கிறார்.

"வாங்க, வாங்க! நம்ம எடத்துக்கு வந்தவங்க தொண்ட காஞ்சு போவப்பிடாது."

தாணு என் கையைக் கிள்ளினான். "குடிக்காதேயும் வேய்! குடிச்சா நாம விருந்தாளி. விருந்தாளிக்கு ஏது உரிமை?"

பின்னாலிருந்து ஒரு குரல். "லே தாணு, கத்தச் சொன்னது நீதானே? தொண்ட கீறிப்போச்சு, வழிய விட்டு நில்லு!"

நீட்டிய மோரைத் தட்டுகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. வழக்கு நடத்துகிறவன்கூட எதிராளி வீட்டு மோரைக் குடித்துவிட்டுத்தான் கோர்ட்டுக்குப் போவான். எல்லோரும் குடித்தோம். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாணுவும்.

குடித்த வாயால் எப்படிக் கோஷம் போடுவது?

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு ஆரும் போலாம்" என்றார் பாட்டா. கை தட்டினோம். அவர் வழியைக் கொடுத்தாரா, எடுத்துக்கொண்டாரா?

தங்கம்மை டம்ளரைக் கழுவி வைத்தாள். "வெடியதுக்கு மின்ன வந்து கேக்கலாமா, பாட்டா?"

"கேளுட்டி, அதுக்கென்ன!"

மறுநாள் கோழி கூவுமுன் மேலவீட்டு முற்றத்தில் ஊர் நின்றது. புல்லுக்கு, சுள்ளிக்கு, மாடு மேய்க்க. தாணு கூட்டியதல்ல, வீடு வீடாகச் சொன்னவள் தங்கம்மை. "ஒத்தைல போயி எழுப்புனா மரியாதையில்ல பாத்துக்கிடுங்க."

ஒவ்வொருவராகக் கேட்டார்கள். "பாட்டா, போட்டா?" "போ." "பாட்டா, நானும் போட்டா?" "போ, போ!" கடைசியில் நான்.

"நீருமா வேய்? உமக்கு அங்க என்ன சோலி?"

"சும்மா... காத்து வாங்க."

"காத்துக்கும் நாந்தான் உத்தரவு குடுக்கணுமா?" அழாத குறை.

அடுத்த நாளும் போனோம். அதற்கடுத்த நாளும்... அது பணிவா, பழிவாங்கலா? நேற்றுக் காலை படலே இல்லை. கழற்றித் தொழுவத்தில் சாய்த்துவிட்டாராம். ஊர் ஜெயித்தது என்கிறான் தாணு. நான் கொடுத்தேன் என்கிறார் பாட்டா. மோர் கொடுத்தவர் வாக்கை எப்படி மறுப்பது?

பாதை நடுவில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். தலையில் புல்கட்டோடு தங்கம்மை வந்தாள். "நீயே சொல்லு, இந்த வழி இப்ப ஆருக்கது?" என்று கேட்டேன்.

"பசு கத்துது. கொஞ்சம் ஒதுங்குங்க, அண்ணாச்சி."

ஒதுங்கினேன்.