ஒரு தட்டு வெயில்

எங்கள் வடகோடித் தீவில், போர்கார்னெஸ் பக்கம் குளிர்காலத்தில் யாராவது வெளியூர் கிளம்புவதாக இருந்தால், முதல் வேலையாக இங்கிமுந்துருக்குத்தான் போன் போடுவார்கள். பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். இருபத்தாறு குளிர்காலமாக அதே மலைப்பாதையில் போய் வருகிறவன். "பத்து மணிக்கு மேல கிளம்பு, காத்து அடங்கிடும்" என்று அவன் சொன்னால் அடங்கிவிடும். காற்றே அவனைக் கேட்டுக்கொண்டுதான் அடங்குகிறது என்று எங்கள் ஊரில் பேச்சு. அப்பேர்ப்பட்ட ஆளுக்குக் கோடை வந்தால் என்னதான் ஆகுமோ! வெயில் எங்கே என்று கேட்டால், நாட்டிலேயே அதிகமாக மழை கொட்டுகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவான்.

அவனை மட்டும் குறை சொல்லக் கூடாது. விடுமுறைக்கு இன்ன ஊருக்குப் போகிறோம் என்று இங்கே யார்தான் முடிவு செய்கிறார்கள்? போனில் வெயில் எந்தப் பக்கம் என்று பார்ப்போம், அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவோம். இங்கிமுந்துர் அதற்கென்றே காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் மடக்குக் கூடார வண்டி ஒன்று வைத்திருந்தான். மூடியைத் தூக்கினால் இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு. துணி கிழிந்த இடமெல்லாம் அவன் கையால் போட்ட தையல். உள் அலமாரிக் கதவில் மகள் எய்திஸின் உயரத்தை இரண்டு வயதிலிருந்து பதினான்கு வரை பென்சிலால் கோடு கிழித்து வைத்திருந்தான். அந்த வண்டி என்றால் அவனுக்கு உயிர்.

அந்த உயிருக்குத்தான் பிப்ரவரியில் ஆபத்து வந்தது. அவன் மனைவி ஹல்பேரா, ஊர் நீச்சல் குளத்தில் மேற்பார்வை பார்க்கிறவள், ஒரு நாள் காபிக் கோப்பையை டக்கென்று வைத்தாள்.

"இங்கி, பன்னெண்டு வருஷமா மழைக்கோட்டு போட்டுக்கிட்டு பொரிச்ச சாசேஜ் தின்னுட்டிருக்கேன். இந்த ஆகஸ்ட் லீவுல ஒரே ஒரு வேளை, நான் வெளிய உக்காந்து சாப்பிடணும், தட்டு நனையக் கூடாது. அது நடக்கலன்னா வண்டியை வித்துடு. அடுத்த வருஷம் எல்லாரையும் போல வெயில் காயத் தெனெரீஃப் தீவு."

"ஒரு வேளைதானே? பத்து வேளை காட்டுறேன்!" என்று மார்தட்டினான் இங்கிமுந்துர். வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம்.

ஆகஸ்ட் முதல் வாரத்தின் நீண்ட விடுமுறை வந்தது. வெள்ளி, தெற்கே கடலோரத்தில் வீக் என்ற ஊர். மழை மேலிருந்து வரவில்லை, பக்கவாட்டில் வந்தது. ஹல்பேரா தட்டை எடுத்து மேசையில் வைத்து, விரலால் தடவிப் பார்த்து, நடுவர் மாதிரி அறிவித்தாள்: "நனைஞ்சிருக்கு." தட்டு மறுபடி சாப்பாட்டுச் சாமான் வைக்கும் நீலப் பெட்டிக்குள் போனது. சனி காலை வடக்கே வெயில் என்று போன் சொல்ல, ஏழு மணி நேரம் ஓட்டி அகுரேரி போய்ச் சேர்ந்தார்கள். மூடியைத் தூக்கும்போதே முதல் சொட்டு அவன் மூக்கில் விழுந்தது. அதே நேரம் ஹல்பேராவின் தம்பி தோர்லாக்கிடமிருந்து ஒரு படம். வீக் கடற்கரையில், சட்டையில்லாமல், தொப்பையைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தான். "மச்சான், எங்க இருக்கீங்க? இங்க தோல் உரியுது!"

"இவனை எவன் படம் எடுக்கச் சொன்னான்?" என்று பல்லைக் கடித்தான் இங்கிமுந்துர். எய்திஸ் சிரித்துச் சிரித்துக் கூடார வண்டியின் படியிலிருந்து கீழே விழுந்தாள்.

ஞாயிறு, மீவாட்ன் ஏரிக்கரை. தூறல். பொழுது போகவேண்டுமே என்று ரை என்ற தானிய மாவில் வெல்லப்பாகும் பாலும் ஊற்றிப் பிசைந்து, ஒரு டப்பாவில் அடைத்து, பக்கத்தில் பூமிச் சூட்டில் ஆவி கக்கும் மண்ணில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்தான். ஒரு நாள் முழுக்க மண்ணுக்குள் வெந்தால்தான் அந்த ரொட்டிக்கு ருசி. அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டு, லாரியில் போட்டுக்கொள்ளும் தன் ஆரஞ்சுக் கையுறையை அதில் மாட்டினான். "நாளைக்கு மத்தியானம் சுடச்சுட, வெயில்ல!" என்றான். ஹல்பேரா வானத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மழைக்கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

திங்கள் காலை, கடைசி நாள். கிழக்கே ஏகில்ஸ்டாதிரில் இருபத்து மூன்று டிகிரி என்றது போன். இருபத்து மூன்று! அந்த எண்ணைப் பார்த்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து நிமிடத்தில் கூடாரத்தை மடக்கி, பல் துலக்கிக்கொண்டிருந்த எய்திஸை நுரையோடு காரில் ஏற்றி, பறந்தான். அங்கே போனால் மூடுபனி. முன்னால் போகிற கார் தெரியவில்லை, தெருவோர ஆடு தெரியவில்லை. ஹல்பேரா தட்டை ஜன்னலுக்கு வெளியே ஒரு முறை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டாள். தடவிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை; துடைத்து நீலப் பெட்டிக்குள் போட்டாள்.

அப்போது போன் டிங் என்றது. தோர்லாக். மீவாட்ன் கரையில் மடக்கு நாற்காலி, கறுப்புக் கண்ணாடி, கண் கூசும் வெயில். "மச்சான், இங்க எவனோ ஒரு கிறுக்கன் குச்சியில கையுறையை மாட்டி நட்டு வெச்சிருக்கான்!"

இங்கிமுந்துர் படத்தை உற்றுப் பார்த்தான். தொப்பைக்குப் பின்னால் ஆரஞ்சுக் கையுறை.

"ஐயோ, என் ரொட்டி!"

"ரொட்டியைப் புதைச்சுட்டு மறந்துட்டியா?" என்றாள் ஹல்பேரா. "நம்ம ஊர்ல வேற எவனாவது இந்தக் கூத்தடிப்பானா?"

"அங்க வெயிலும் இருக்கு, ரொட்டியும் இருக்கு. ரெண்டு மணி நேரந்தான். ஏறு!"

பாலைவனம் மாதிரிக் கிடக்கும் அந்தக் கருமணல் மேட்டைத் தாண்டத் தாண்டப் பனி விலகியது. வானத்தில் ஒரு நீலத் துண்டு தெரிந்தது. இங்கிமுந்துர் குரலெடுத்துப் பாட ஆரம்பித்தான், சுருதி எங்கேயோ போனது. எய்திஸ் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டாள். ஹல்பேராகூட மழைக்கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினாள். அதை ஓரக்கண்ணால் பார்த்தவன் இன்னும் உரக்கப் பாடினான். மனுஷன் ஜெயித்தே விட்டதாக நினைத்துக்கொண்டான், பாவம்.

அவர்கள் போய் நின்றபோது தோர்லாக் நாற்காலியை மடித்துக்கொண்டிருந்தான். "அடடா, இப்பத்தான் மச்சான் போச்சு! அஞ்சு நிமிஷம் முன்னாடி வரக் கூடாதா?" சொல்லி வாய் மூடவில்லை, மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது.

இங்கிமுந்துர் மண்வெட்டியை எடுத்துப் போய்க் கையுறைக் குச்சியடியில் தோண்டினான். டப்பாவைத் திறந்ததும் கருகருவென்று, ஆவி பறக்க, இனிப்பு மணத்தோடு ரொட்டி வந்தது. அவன் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நாட்டுக்கே வழி சொல்கிறவனின் முகம் அப்படி வாடி எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"சரி, தோத்துட்டேன்," என்றான். "ஊருக்குப் போனதும் வண்டியை விக்கிறேன்னு விளம்பரம் போட்டுடறேன். அந்த அலமாரிக் கதவை மட்டும் கழட்டி எடுத்துக்கறேன். தட்டு எடுத்துட்டு வரேன், சாப்பிடுவோம்."

தட்டு இருக்கும் நீலப் பெட்டியைத் தேடினான். அது வெளியே, மழையில், மூடி இறுக்கிக் கிடந்தது. அதன் மேல் ஹல்பேரா உட்கார்ந்திருந்தாள். கையில் ஏற்கெனவே ஒரு துண்டு ரொட்டி. உருகிய வெண்ணெய் மணிக்கட்டு வழியே மழைக்கோட்டுக் கைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் எழுந்திரு, தட்டு எடுக்கணும்."

"முட்டி வலிக்குது. எழுந்திருக்க முடியாது."

"ஹல்பேரா, பேச்சு பேச்சா இருக்கணும். தட்டு..."

"தட்டுக்கு என்ன? எய்திஸ், தட்டு நனைஞ்சிருக்கா?"

எய்திஸ் பெட்டியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "எப்படிம்மா நனையும்? உள்ளதான இருக்கு."

"அப்ப சரி. வெளிய உக்காந்திருக்கேனா? இருக்கேன். சாப்பிடறேனா? சாப்பிடறேன். தட்டு காஞ்சிருக்கா? காஞ்சிருக்கு. இன்னொரு துண்டு வெட்டு, வெண்ணெய்ல கஞ்சத்தனம் பண்ணாத."

தோர்லாக்குக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப தெனெரீஃப் என்னாச்சுக்கா?"

"நீ போடா," என்றாள் ஹல்பேரா, வாய் நிறைய ரொட்டியோடு. "அங்கேருந்து எங்களுக்குப் படம் அனுப்பு."

இங்கிமுந்துர் கத்தியை எடுத்தான். அழுகையும் சிரிப்புமாக, அலமாரிக் கதவு கனத்துக்கு ஒரு துண்டு வெட்டி, வெண்ணெயை அள்ளிப் பூசினான்.