மறுமுனை

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், குப்பை வண்டி நிற்கும் இடத்தைத் தாண்டினால் சலவைக் கூடம். வேலைக்குச் சேர்ந்த அன்று அவள் பொன்னிறக் கரை போட்ட நீலப் பட்டுப் புடவையில் வந்து நின்றாள்.

“யாருடி இது, கல்யாணப் பொண்ணு மாதிரி?” என்று ஒருத்தி கேட்டாள். குரல் கூடத்தின் கடைசி வரை போனது. அவளை எல்லோரும் வெடி என்றார்கள். இப்படித்தான் நாற்பத்தாறு வயதில் இவள் கல்யாணப் பொண்ணு ஆனாள்.

அந்தப் புடவைக்குக் காரணம் இருந்தது. கணவன் வேலைக்குக் கிளம்பும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போகிற வீடு அவளுடையது. கல்யாணமான மறுவாரமே தொடங்கிய பழக்கம். ஒரு நாள் காலையில் அவன் பூட்ட மறந்தான். காற்றில் கதவு அசைவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அலமாரியில் கைக்குக் கிடைத்ததைப் பையில் திணித்துக்கொண்டு வெளியேறினாள். கைக்குக் கிடைத்த தட்டில் விசேஷத் துணிகள் இருந்தன. போவதற்கு விசேஷம் எதுவும் வாய்க்காததால் எல்லாம் புதிது.

ஈரத் துணி சுமக்க முடியாதவர்களைத்தான் மடிப்பு வேலைக்கு அனுப்புவார்கள். மேஜைகளைச் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேருக்குத் தலை முழுக்க நரை. மூத்த பெண்கள் என்றாலே அவளுக்குத் தெரிந்தது மாமியாரும் அத்தைகளும்தான். ‘பொறுத்துப் போ’ என்பதற்கு மேல் அவர்களிடம் ஒரு வார்த்தை இருந்ததில்லை. இங்கேயும் அதைக் கேட்கத் தயாராக வாயை இறுக்கிக்கொண்டாள்.

முதல் விரிப்பை எடுத்தாள். நடுப்பகுதியைத் தாடையில் அழுத்தி, இரண்டு கைகளாலும் ஓரங்களை இழுத்து மடித்தாள். சுத்தமான மடிப்பு. மேஜையில் வைத்ததும் பெரியக்கா வந்து அதைப் பிரித்து அழுக்குக் கூடைக்குள் எறிந்தாள். கூடத்தில் எல்லோருக்கும் மூத்தவள் அவள்.

“தாடை பட்டா திரும்பத் துவைக்கணும். நோயாளி படுக்கிற துணி. இங்க ரெண்டு பேராத்தான் மடிப்போம். அந்த முனையைப் பிடி.”

“உங்க வீட்ல மறுமுனையைப் பிடிக்க ஆளே இல்லையா?” என்றாள் வெடி.

“இருந்தார். எழுந்து வந்ததில்ல.”

வெடி சிரிக்கவில்லை.

இருவர் விரிப்பை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு உதறல். ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். இவள் கையிலிருப்பதை எதிரில் இருப்பவள் வாங்கிக்கொள்வாள். இவள் குனிந்து மடிப்பைப் பிடித்துப் பின்னால் நடப்பாள். நாள் முழுக்க இப்படி ஒரு முகம் அருகே வரும், விலகும். பேச்சும் அப்படித்தான் நடந்தது. பக்கத்தில் வரும்போது ஒரு வாக்கியம். மிச்சம் அடுத்த விரிப்பில்.

ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் ஒரு நாள் பெரியக்காவிடம் பூட்டைப் பற்றிச் சொன்னாள். சொல்லி முடிக்க ஒரு கூடை விரிப்பு ஆனது.

பெரியக்கா அடுத்த கூடையை இழுத்தாள். முதல் விரிப்பில், “நானும் ஓடி வந்தவதான். ரெண்டு தடவை திரும்பிப் போனேன்” என்றாள்.

அடுத்ததில், “கூட்டிட்டுப் போனவங்க ரெண்டு தடவையும் வாசலோட திரும்பிட்டாங்க. உள்ள போனது நான் மட்டும்தான்.”

வெயில் காலம் தொடங்கியபோது கல்யாணப் பொண்ணைத் தேடி அவளுடைய அண்ணன் வந்து சேர்ந்தார். மேற்பார்வையாளரே அவரை உள்ளே அழைத்து வந்தார். “குடும்ப விஷயம், சீக்கிரம் முடிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு நழுவினார்.

அண்ணன் அவள் புடவையையும் காய்த்துப்போன கைகளையும் பார்த்தார். “என்ன கோலம் இது? கிளம்பு. மாப்பிள்ளை மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டார்.”

“எதை மன்னிச்சாராம்?”

“வாயாடாதே. என் வீட்ல கல்யாண வயசுல பொண்ணு இருக்கா. நாலு பேர் என்ன பேசுவாங்க?”

“அந்த நாலு பேரையும் இங்க அனுப்புங்க தம்பி. மடிக்க ஆள் பத்தல” என்றாள் வெடி. மேஜைகளில் சிரிப்பு கிளம்பியது.

அண்ணனின் முகம் சிவந்தது. தங்கையின் மணிக்கட்டைப் பிடிக்கக் கை நீட்டினார்.

“துணியில படாதீங்க” என்றாள் பெரியக்கா மறுமுனையிலிருந்து. குரலை உயர்த்தவில்லை. “பட்டா திரும்பத் துவைக்கணும். துவைக்கிறவளும் ஒருத்தருக்குத் தங்கச்சிதான்.”

கை பின்வாங்கியது. பெரியக்கா விரிப்பை உதறினாள். அண்ணன் விலக வேண்டியிருந்தது. பக்கத்து மேஜை ஜோடியும் ஒன்றை உதறியது. அவர் அங்கிருந்தும் விலகினார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. ஆனால் நிற்பதற்கு இடம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் கதவருகே நின்றார்.

“இப்ப என்னதான் சொல்றே?”

இவள் முனையை விடவில்லை. பெரியக்காவைப் பார்த்தாள். அந்த முகத்தில் போ என்றும் இல்லை, இரு என்றும் இல்லை. முனை மட்டும் இறுக்கமாக இருந்தது.

“அந்தப் பூட்டு என்னாச்சுண்ணா?”

“அது உன் பாதுகாப்புக்குத்தானே?”

“அப்ப இன்னும் இருக்கு.”

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“நீங்க என்னை விட்டுட்டு வாசலோட திரும்பிடுவீங்க. நான் வரல. அவ்வளவு பாதுகாப்பு வேணும்னா அவரை உள்ள வெச்சு நீங்களே பூட்டிக்கோங்க.”

“நாளைக்கு ஒண்ணுன்னா என் வீட்டு வாசலுக்கு வந்து நிக்காதே.”

“நிக்கமாட்டேன்.”

அண்ணன் போனார். கதவு ஆடி நின்றது. இயந்திரங்களின் இரைச்சல் அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. பெரியக்கா தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். சும்மா நின்றால் அழுதுவிடுவோம் என்று தோன்ற, ஒரு விரிப்பை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

திரும்பி வந்த பெரியக்கா அவளை ஒரு நொடி பார்த்தாள். பிறகு அவள் தாடைக்கடியிலிருந்து விரிப்பை உருவிக் கூடைக்குள் எறிந்தாள்.

“ஏண்டி, இன்னிக்குமா?”

“கல்யாணப் பொண்ணுக்கு வெட்கம், அதான் முகத்தை மூடிக்கிறா” என்று வெடி கத்தினாள்.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, கைகளைக் கழுவிவிட்டு வந்தாள். பெரியக்கா புது விரிப்போடு காத்திருந்தாள். இவள் தன் முனையைப் பிடித்து, வேண்டியதற்கு மேலேயே பலமாக உதறினாள்.